டிவைஸ் டிரைவரில் பொய் வார்னிங்: கம்பைலரின் வாயை அடைக்காமல் சரிசெய்யும் முழு வழிகாட்டி

லினக்ஸ் கர்னலின் 5.15 பதிப்பு 2021-இல் வந்தபோது கான்ஃபிக்_வெர்ரர் என்ற தேர்வும் கூடவே வந்தது. அதை இயக்கினால் கம்பைலர் (நிரலை எந்திர மொழியாக்கும் கருவி) தரும் எந்த வார்னிங்கும் பிழையாகக் கருதப்பட்டு பில்ட் நின்றுவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் எல்லா பில்டுக்கும் அதை இயல்பாகவே இயக்கி வைத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே கம்பைல்_டெஸ்ட் எனும் சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கினார். அப்படியிருந்தும் ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்த எல்லாவற்றையும் மாட்யூலாக பில்ட் செய்யும் கான்ஃபிக்) ஓட்டும் தானியங்கிச் சோதனைகளில் உங்கள் டிரைவரின் ஒரே ஒரு வார்னிங், நிரலில் தப்பே இல்லாமல் எழும் பொய் வார்னிங்கே போதும், மொத்த பில்டும் விழுந்துவிடும்.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கிறது. மாறிக்கு ஒரு பூஜ்யம், பாயிண்டருக்கு ஒரு காஸ்ட் (வலிந்த வகை மாற்றம்), பில்ட் விதிகள் உள்ள மேக்ஃபைலில் ஒரு வரி. வார்னிங் போய்விடுகிறது, பேட்ச் உள்ளே போகிறது, மூன்று வெளியீடு கழித்து எங்கோ ஒரு போர்டு உறைந்து நிற்கிறது.

டிரைவர் நிரலில் இந்த ஆபத்து மற்ற நிரலைவிட அதிகம். டிரைவர் செய்யும் வேலையில் பாதி சில்லுக்குள் நடக்கிறது. சில்லின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தாலே இன்டரப்ட் (சாதனம் எழுப்பும் கவன அழைப்பு) அழிந்துவிடும் என்பதும், ஒரு முகவரியில் உண்மையாகவே ஆறு பைட் இருக்கிறது என்பதும், பஸ் ஃபங்ஷன் நேர்மறை எண்ணை ஒருபோதும் திருப்பாது என்பதும் கம்பைலருக்குத் தெரியாது. அந்தத் தகவலை அதற்குப் புரியும்படி நிரலிலேயே எழுதிவிட்டால் பெரும்பாலான பொய் வார்னிங்குகள் தாமாகவே மறைந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் லினக்ஸ் கர்னலைச் சார்ந்தவை. கம்பைலர்கள் ஜிசிசியும் கிளாங்கும்.

படி 1: வார்னிங்கை முழுதாகப் பிடித்து வையுங்கள்

வார்னிங்கின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் திருத்த உட்காராதீர்கள். அதற்கு மேலே எந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து எது இன்லைன் ஆகி (அழைத்த இடத்திலேயே விரிக்கப்பட்டு) வந்தது என்ற சங்கிலி இருக்கும். கீழே எந்த மாறி எங்கே அறிவிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பொய் வார்னிங்குகளில் பெரும்பாலானவை அந்த இன்லைன் சங்கிலியில்தான் பிறக்கின்றன. அதைப் பார்க்காமல் காரணம் பிடிபடாது.

கூடவே நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: கம்பைலரின் பதிப்பு, ஆர்க்கிடெக்சர், கான்ஃபிக் ஃபைல், டபிள்யூ (மேக் கட்டளையில் கூடுதல் வார்னிங்குகளை இயக்குவது) எத்தனையாவது நிலையில் இருந்தது. டபிள்யூ=1-இல் மட்டும் வரும் வார்னிங்கும் சாதாரண பில்டில் வரும் வார்னிங்கும் ஒரே அவசரத்துக்குரியவை அல்ல.

பிறகு அந்த ஒரே ஃபைலை மட்டும் பில்ட் செய்யுங்கள். மேக் கட்டளைக்குப் பின் டிரைவரின் பாதையோடு .ஓ முடிவுள்ள பெயரைக் கொடுத்தால் போதும், கர்னல் முழுவதையும் பில்ட் செய்ய வேண்டியதில்லை. அதே பெயரை .ஐ என்று முடித்தால் ப்ரீபிராசஸ் ஆன நிரல் கிடைக்கும். மேக்ரோக்களுக்குள் புதைந்திருக்கும் சிக்கலுக்கு இதுதான் முதல் மருந்து. கம்பைலர் உண்மையில் எதைப் படித்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வார்னிங் உங்கள் கணினியில் வரவில்லை, சோதனை ரோபோவின் அறிக்கையில் மட்டும் வருகிறது என்றால் கான்ஃபிக்கைத்தான் முதலில் பாருங்கள். கேசான் (மெமரிப் பிழை கண்டறிவது), ஜிகாவ் (ஓடிய வரிகளைக் கணக்கெடுப்பது), அளவுக்கான ஆப்டிமைசேஷன் ஆகியவை எந்த ஃபங்ஷன் இன்லைன் ஆகும் என்பதையே மாற்றிவிடும். இன்லைன் மாறினால் வார்னிங்கும் மாறும்.

படி 2: பொய் என்று நிரூபியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ‘நம் டிரைவர் ஓடுகிறது, ஆகவே வார்னிங் பொய்’ என்பது நிரூபணம் ஆகாது. போர்டில் ஓடுவது நல்ல வழித்தடம் மட்டும்தான். வார்னிங்கோ பெரும்பாலும் பிழைத் தடத்தைப் பற்றியது. கிளாக் கிடைக்காதபோது, ஐ2சி பதில் சொல்லாதபோது, மெமரி தீர்ந்தபோது என்ன நடக்கும் என்பதை அது கேட்கிறது.

வெறும் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டு, உண்மையில் பிழையாக இருக்கும் ஒன்றைப் பாருங்கள். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ ஃபங்ஷன் தோற்றால் எதிர்மறை எண்ணைத் திருப்பும். அதைக் குறியில்லா முழு எண் மாறியில் வாங்கிக்கொண்டு, அடுத்த வரியில் ‘பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் வெளியேறு’ என்று எழுதியிருப்பார்கள். கூடுதல் நிலைகளில் கம்பைலர் ‘இந்த ஒப்பீடு எப்போதும் பொய்’ என்று சொல்லும். இதைக் காஸ்ட் போட்டு மறைத்தால், இன்டரப்ட் எண் கிடைக்காதபோது பெரிய குப்பை எண் ஒன்றோடு ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வரை போய்விடும். மாறியின் வகையைக் குறியுள்ள முழு எண்ணாக மாற்றுவதே திருத்தம். இங்கே வார்னிங் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

நிரூபிக்க எளிய முறை இதுதான். கம்பைலர் சொல்லும் கெட்ட நிலை ஏற்பட வேண்டுமானால் நிரல் எந்தெந்த வரிகளின் வழியே போக வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கிளையிலும் எந்த நிபந்தனை உண்மையாக இருக்க வேண்டும் என்று குறியுங்கள். இரண்டு நிபந்தனைகள் ஒன்றையொன்று மறுத்தால் வார்னிங் பொய். எது எதை மறுக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அது பொய் என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வையுங்கள். பேட்சின் விளக்கத்தில் அதுவே முதல் பத்தி ஆகும்.

எல்எல்விஎம்=1 என்று கொடுத்து கிளாங்கிலும் ஒருமுறை பில்ட் செய்யுங்கள். கிளாங்கின் மதிப்பிடாத மாறி வார்னிங் இன்லைன் ஆவதற்கு முன்பே, ஒரு ஃபங்ஷனை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது. அதனால் அதில் பொய் குறைவு. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் உங்கள் நிரூபணத்தை மறுபடி சரிபாருங்கள்.

படி 3: மதிப்பிடாத மாறி பற்றிய வார்னிங்

டிரைவர்களில் அதிகம் வரும் பொய் வார்னிங் மேபி-அன்இனிஷியலைஸ்ட் தான். இதன் வரலாறே ஒரு பாடம். 2016-இல் டோர்வால்ட்ஸ் இதைக் கர்னல் முழுவதும் அணைத்தார். கர்னல் நிரலாளர் ஆர்ண்ட் பெர்க்மன் இடம் இடமாகத் திருத்திக்கொண்டு வந்ததால் அந்த ஆண்டின் இறுதியிலேயே மீண்டும் இயங்கியது. 2020 மே மாதம் ஜிசிசி 10 வந்து பொய்கள் பெருகியபோது இயல்பு பில்டிலிருந்து மறுபடி விலக்கப்பட்டது. இன்று பார்க்க வேண்டுமானால் டபிள்யூ=2 தேவை. அந்த நிலையின் சத்தம் தாங்காது என்றால் கேசிஃப்ளாக்ஸ் (கம்பைலருக்குக் கூடுதல் தேர்வுகளைக் கொடுக்கும் மாறி) வழியாக அந்த ஒரு வார்னிங்கை மட்டும் இயக்கிப் பாருங்கள்.

ஒரு சென்சார் டிரைவரை எடுத்துக்கொள்வோம். கர்னலின் ரெக்மேப் வசதி வழியாக ரெஜிஸ்டரைப் படிக்க உள்ளே சிப்_ரீட் என்ற ஒரு சின்ன ஃபங்ஷன்:

ரெட் = ரெக்மேப்_பல்க்_ரீட்(மேப், ரெக், பஃப், 2);
இஃப் (ரெட்) ரிட்டர்ன் ரெட்;
*வால் = பஃப்-இலிருந்து சேர்த்த எண்;
ரிட்டர்ன் 0;

அதை அழைக்கும் இடத்தில்:

ரெட் = சிப்_ரீட்(சிப், ரெக், &வால்);
இஃப் (ரெட் < 0) ரிட்டர்ன் ரெட்;
வெப்பநிலை = வால் * 10;

இது சரியாக ஓடும். ரெக்மேப் ஃபங்ஷன்கள் பூஜ்யத்தையோ எதிர்மறை எண்ணையோ மட்டுமே திருப்பும். ஆனால் ரெக்மேப் வேறு ஃபைலில் இருக்கிறது. கம்பைலருக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. சின்ன ஃபங்ஷன் இன்லைன் ஆனதும் அது இப்படி யோசிக்கிறது: ரெட் 5 என்று வந்தால்? உள்ளே ‘பூஜ்யம் இல்லை’ என்று வெளியேறிவிடும், வால் நிரப்பப்படாது. வெளியே ‘பூஜ்யத்துக்குக் கீழே இல்லை’ என்று தொடரும், நிரப்பப்படாத வால் பயன்படுத்தப்படும். அதன் கணக்கில் இது முற்றிலும் நியாயம்.

பலர் செய்வது, வால் மாறியை அறிவிக்கும் இடத்திலேயே பூஜ்யம் கொடுப்பது. வார்னிங் போய்விடும். ஆனால் நாளை யாரோ ஒருவர் பிழைச் சோதனையை மறந்து இன்னொரு அழைப்பைச் சேர்த்தால், அதைப் பிடித்துக் கொடுத்திருக்கக்கூடிய வார்னிங்கும் சேர்ந்து போய்விட்டது. சென்சார் பூஜ்யம் டிகிரி என்று அமைதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரியான திருத்தம் சில எழுத்துகள்தான்: அழைக்கும் இடத்திலும் ‘இஃப் (ரெட்)’ என்றே எழுதுங்கள். உள்ளே வெளியேறும் நிபந்தனையும் வெளியே வெளியேறும் நிபந்தனையும் ஒன்றே என்று கம்பைலருக்குத் தெரிந்ததும் வார்னிங் மறையும். மதிப்பு நிரப்பப்படாத உண்மையான தடம் பிற்பாடு உருவானால் அப்போது அது திரும்பி வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ரெட் மாறிக்கே அறிவிப்பில் பூஜ்யம் கொடுப்பது இதைவிட மோசம். ப்ரோப் ஃபங்ஷனில் (சாதனத்தை முதலில் தயார்செய்வது) புதிதாக ஒரு பிழைத் தடம் சேர்ந்து, அதில் ரெட்டுக்கு மதிப்புக் கொடுக்க மறந்துபோனால், தோற்ற ப்ரோப் வெற்றி என்று திரும்பும். பாதி தயாரான சாதனத்தோடு கர்னல் பேச ஆரம்பித்துவிடும். பிழைக் குறியீட்டு மாறியை மட்டும் காரணமின்றி அறிவிப்பிலேயே நிரப்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

சுவிட்ச் கூற்றில் வரும் பொய்க்கும் அதே வகைத் தீர்வு. ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் வகை) மாறிக்கு மூன்று மதிப்புகள்தான் என்று உங்களுக்குத் தெரியும். கம்பைலரோ எந்த எண்ணும் வரலாம் என்று நினைக்கும். டிஃபால்ட் கிளையில் இன்வாலிட் பிழையைத் திருப்புங்கள். அந்த மதிப்பு டிவைஸ் ட்ரீயிலிருந்தோ (போர்டின் வன்பொருள் விவரப் பட்டியல்) ஃபர்ம்வேரிலிருந்தோ வருவதாக இருந்தால் அந்தக் கிளை ஒரு நாள் உண்மையிலேயே ஓடும்.

சீரியல் கன்சோல் டிரைவர்களில் இன்னொரு வடிவம் உண்டு. சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கான அவசர விசைக் கட்டளை) நடக்கும்போது ஸ்பின்லாக் (மற்றவரைக் காத்திருக்க வைக்கும் பூட்டு) எடுக்கக்கூடாது என்பதால், நிபந்தனையோடு லாக் எடுத்து, அதே நிபந்தனையோடு விடுவிப்பார்கள். லாக் எடுக்கும்போது நிரம்பும் ஃப்ளாக்ஸ் மாறி இடையில் நிரப்பப்படாமல் போகலாம் என்று சந்தேகம் எழக்கூடும். எழுதும் வேலையை லாக் இல்லாத உள் ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டு, லாக் எடுத்து அழைக்கும் தடத்தையும் எடுக்காமல் அழைக்கும் தடத்தையும் தனித்தனியாக எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை. படிப்பவருக்கும் தெளிவு.

பழைய டிரைவர்களில் அன்இனிஷியலைஸ்ட்_வார் என்ற மேக்ரோவைப் பார்த்திருப்பீர்கள். அது மாறியை அதற்கே சமன் செய்து வார்னிங்கை அடக்கியது. உண்மைப் பிழைகளையும் சேர்த்து மறைத்ததால் 2020-இல், 5.9 பதிப்பில், கர்னல் நிரலாளர் கீஸ் குக் அதை முழுதாக நீக்கினார். வெளியே பராமரிக்கப்படும் டிரைவர் ஒன்றைப் புதிய கர்னலுக்குக் கொண்டுவரும்போது அந்த மேக்ரோ இல்லை என்று பில்ட் நின்றால், அதே பெயரில் மறுபடி எழுதிச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு இடமாகப் போய் மேலே சொன்ன முறையில் பாருங்கள்.

ஸ்டாக் மாறிகளை எல்லாம் பூஜ்யமாக்கும் கான்ஃபிக் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். இனிட்_ஸ்டாக்_ஆல்_ஜீரோ பாதுகாப்புக்கு மிக நல்லது. பழைய ஸ்டாக் தகவல் கசியாது. ஆனால் பூஜ்யம் சரியான மதிப்பு என்று அது உறுதி தருவதில்லை. ஜிசிசியும் அந்த வசதி இயங்கும்போது மதிப்பிடாத மாறி வார்னிங்குகளைத் தொடர்ந்து கொடுக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

படி 4: படித்த மதிப்பைப் பயன்படுத்தவில்லை என்ற வார்னிங்

டபிள்யூ=1 போட்டால் பழைய டிரைவர்களில் ‘மதிப்பிடப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை’ என்ற வார்னிங் வரும். இதைத் திருத்துவது மிக எளிது போலத் தோன்றுவதால் புதிதாகப் பேட்ச் அனுப்புபவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். டிரைவரைக் கொன்றுவிடக்கூடிய இடமும் இதுவே.

ஸ்டேட்டஸ் = ரீட்எல்(பேஸ் + ஐஎஸ்ஆர்);

ஸ்டேட்டஸ் வேறெங்கும் வரவில்லை. வரியையே நீக்கிவிடலாமா? அந்த ரெஜிஸ்டர் படித்தால் அழியும் வகையாக இருந்தால், இந்த வரிதான் சாதனத்தின் இன்டரப்ட் கோரிக்கையை இறக்குகிறது. நீக்கினால் லெவல் வகை இன்டரப்ட் லைன் இறங்காது. ஹேண்ட்லர் (இன்டரப்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்) முடிந்த கணமே மறுபடி அழைக்கப்படும். ஹேண்ட்லர் ‘கவனித்துவிட்டேன்’ என்று திருப்பிக்கொண்டே இருந்தால் அந்த சிபியு வேறு எதையும் செய்யாது. ‘என்னுடையது இல்லை’ என்று திருப்பினால், ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்கவில்லை என்று கணக்குப் பார்த்து, கர்னல் அந்த லைனையே அணைத்துவிடும். அதே லைனைப் பகிரும் இன்னொரு சாதனமும் கூடவே செத்துப்போகும்.

பிசிஐ சாதனங்களில் வேறொரு காரணம். எழுதும் கட்டளைகள் வழியில் உள்ள பிரிட்ஜில் தேங்கி நிற்கலாம். எழுதியது சாதனத்தைச் சேர்ந்துவிட்டது என்று உறுதி செய்ய, அதே சாதனத்திலிருந்து ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பார்கள். படித்த மதிப்பு யாருக்கும் வேண்டாம், படித்தல்தான் வேண்டும். ரீசெட் பிட்டை எழுதி, படித்து, பிறகு பத்து மைக்ரோ நொடி காத்திருக்கும் நிரலில் நடு வரியை எடுத்துவிட்டால், காத்திருப்பு முடிந்த பிறகுகூட ரீசெட் போய்ச் சேராமல் இருக்கலாம். உங்கள் மேசையில் ஓடும். வேறு சிப்செட்டில் எப்போதாவது தவறும். அப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிப்பதைவிடக் கொடுமையான வேலை டிரைவர் உலகில் குறைவு.

ஆகவே மாறியை நீக்குங்கள், அழைப்பை விட்டுவையுங்கள். ‘ரீட்எல்(பேஸ் + ஐஎஸ்ஆர்);’ என்று தனி வரியாக நின்றாலே போதும். ரீட்எல் உள்ளே வோலடைல் அணுகலாக இருப்பதால், மதிப்பை யாரும் வாங்காவிட்டாலும் கம்பைலர் அதைத் தூக்கி எறியாது. அதன்மேல் ஒரு கமென்ட் கட்டாயம்: இன்டரப்டை அழிக்கவா, எழுத்தைத் தள்ளிவிடவா என்று. அடுத்து வருபவர் அதையும் ‘தேவையற்ற வரி’ என்று நினைக்கக்கூடாது.

காரணம் தெரியவில்லை என்றால் சில்லின் டேட்டாஷீட்டைத் திறந்து அந்த ரெஜிஸ்டரின் அணுகல் வகையைப் பாருங்கள். டேட்டாஷீட் கிடைக்கவில்லையா, படித்தலை அப்படியே வைத்துவிடுங்கள். ரெஜிஸ்டர் படிப்பை நீக்கும் பேட்சை, சாதனம் கையில் இல்லாதவர் அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதே வார்னிங் ரெட் போன்ற பிழைக் குறியீட்டு மாறியின்மேல் வந்தால் கதை வேறு. கிளாக்கை இயக்கும் அழைப்பின் விடையை வாங்கிவிட்டு யாரும் பார்க்கவில்லை என்றால் வார்னிங் உண்மை. சோதனையைச் சேர்ப்பதே திருத்தம். மாறியின் பெயரைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

படி 5: பயன்படாத ஃபங்ஷன்

பவர் மேனேஜ்மென்ட் அணைந்த கான்ஃபிக்கில் பில்ட் செய்தால் சஸ்பெண்ட், ரெசியூம் ஃபங்ஷன்களை யாரும் அழைக்கவில்லை என்று வார்னிங் வரும். முன்பெல்லாம் இஃப்டெஃப் (கான்ஃபிக்கைப் பொறுத்து நிரலைச் சேர்க்கும் அல்லது விலக்கும் கட்டளை) போட்டு மூடினார்கள். அந்த இஃப்டெஃபின் நிபந்தனை சற்றே பிசகினாலும் இன்னொரு கான்ஃபிக்கில் வார்னிங் முளைத்தது. மூடிய நிரலை அந்த பில்டில் கம்பைலர் பார்ப்பதே இல்லை என்பதால் எழுத்துப்பிழைகூடத் தப்பியது. பிறகு, பயன்படாமலும் போகலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் மேபி_அன்யூஸ்ட் குறி வந்தது.

இப்போது இரண்டும் வேண்டாம். 5.17 முதல் டிஃபைன்_சிம்பிள்_டெவ்_பிஎம்_ஆப்ஸ் மேக்ரோவும் பிஎம்_ஸ்லீப்_பிடிஆர் மேக்ரோவும் இருக்கின்றன. ஃபங்ஷன்களைச் சாதாரணமாக எழுதி, டிரைவர் ஸ்ட்ரக்சரில் பிஎம்_ஸ்லீப்_பிடிஆர் வழியாக இணையுங்கள். கம்பைலர் எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும். கான்ஃபிக் அணைந்திருந்தால் வார்னிங் இல்லாமல் தானே நீக்கிவிடும்.

நிரலுக்குள்ளும் இஃப்டெஃபுக்குப் பதில் இஸ்_எனேபிள்ட் போட்ட சாதாரண இஃப் எழுதினால் இதே பலன். டிவைஸ் ட்ரீ அட்டவணை பயன்படவில்லை என்ற வார்னிங்குக்கு ஆஃப்_மேட்ச்_பிடிஆர் மேக்ரோவை எடுத்துவிட்டு அட்டவணையை நேரடியாகக் கொடுப்பதே பெரும்பாலான டிரைவர்களுக்குப் போதும்.

படி 6: இல்லாத எல்லையைக் காட்டும் வார்னிங்

82596 ஈதர்நெட் டிரைவர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. எம்68கே இனத்தைச் சேர்ந்த பழைய எம்விஎம்இ போர்டுகளில் மேக் முகவரியின் ஆறு பைட்டும் நிலையான ஒரு முகவரியில் இருக்கும். டிரைவர் அந்த எண்ணைப் பாயிண்டராக்கி மெம்காப்பி செய்தது. ஜிசிசி 11 வந்ததும், ‘பூஜ்யம் அளவுள்ள இடத்திலிருந்து ஆறு பைட் படிக்கிறாய்’ என்றது. எண்ணிலிருந்து நேராக உருவான பாயிண்டரை வெற்றுப் பாயிண்டரிலிருந்து தள்ளிப்போன ஒன்றாக ஜிசிசி கருதியதே காரணம். சாதாரண நிரலில் அது நியாயமான சந்தேகம்; வன்பொருள் முகவரிக்குப் பொருந்தாது.

5.15-இல் இதற்காகவே அப்சலூட்_பாயிண்டர் மேக்ரோ சேர்ந்தது. அது எண்ணை ஒரு காலி அசெம்பிளி வரியின் வழியே கடத்துகிறது. அந்தப் பக்கம் வரும் பாயிண்டர் எங்கிருந்து பிறந்தது என்று கம்பைலருக்குத் தெரியாது. ஆகவே அளவைப் பற்றி அது ஊகிப்பதில்லை. வேறெங்கும் சோதனை குறையவில்லை, ஓடும் வேகமும் மாறவில்லை. நல்ல மாற்றுவழிக்கு இலக்கணம் இது.

புதிதாக எழுதும் டிரைவரில் இந்த மேக்ரோ தேவைப்படக்கூடாது. ரெஜிஸ்டர் பகுதியை ஐஓரீமேப் வழியாகப் பெற்று, மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ போன்ற உரிய ஃபங்ஷன்களால் படியுங்கள்.

ஃபர்ம்வேர் செய்திகளைக் கையாளும் டிரைவர்களில் எல்லை வார்னிங் வேறு விதமாக வரும். ஸ்ட்ரக்சரின் கடைசியில் ‘டேட்டா[1]’ என்று எழுதி, உண்மையில் நூறு பைட் வைத்திருப்பார்கள். அதை ‘டேட்டா[]’ என்று நெகிழ் வரிசையாக மாற்றுங்கள். மாற்றியதும் ஸ்ட்ரக்சரின் அளவு குறையும். அளவை வைத்துக் கணக்கிடும் ஒவ்வொரு இடத்தையும் கூடவே திருத்த வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஃபர்ம்வேருக்குப் போகும் செய்தியின் நீளம் பிசகிவிடும். அடுத்தடுத்த பல புலங்களை ஒரே மெம்காப்பியில் நகலெடுத்தால், அவற்றை 5.16-இல் வந்த ஸ்ட்ரக்ட்_க்ரூப் மேக்ரோவால் குழுவாக்கி, குழுவின் பெயரையே கொடுங்கள்.

எல்லா எல்லை வார்னிங்கையும் உங்களால் தீர்க்க முடியாது. 2022-இல் ஜிசிசி 12 வந்தபோது அரே-பவுண்ட்ஸ் பொய்கள் அளவு மீறிப் போனதால், 5.19-க்கான வேலையின்போது டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பைலருக்கு மட்டும் அதை மொத்தமாக அணைத்தார். அப்படிக் கர்னலே அணைத்து வைத்திருக்கும் வார்னிங்கை நீங்களாக இயக்கி, அதற்காக டிரைவரை வளைக்காதீர்கள்.

படி 7: ஸ்பார்ஸ் சொல்வது

ஸ்பார்ஸ் கம்பைலர் அல்ல, டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய சரிபார்ப்புக் கருவி. சி=1 கொடுத்தால் புதிதாக பில்ட் ஆகும் ஃபைல்களிலும், சி=2 கொடுத்தால் எல்லாவற்றிலும் ஓடும். சாதன முகவரியைக் குறிக்கும் ஐஓமெம் பாயிண்டரைச் சாதாரணப் பாயிண்டரோடு கலந்தாலோ, லிட்டில் எண்டியன் (கடைசி பைட் முதலில் வரும் முறை) மதிப்பை மாற்றாமல் பயன்படுத்தினாலோ கத்தும்.

எண்டியன் பற்றிய அதன் வார்னிங்குகளைப் பொய் என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். எக்ஸ்86-இல் எல்லாம் சரியாக ஓடும். பிக் எண்டியன் கணினியில் அதே டிரைவர் தலைகீழான எண்களை அனுப்பும். ஃபோர்ஸ் காஸ்ட் போட வேண்டிய உண்மையான தேவை இருந்தால், அதை ஒரே ஒரு சின்ன அணுகு ஃபங்ஷனுக்குள் அடக்குங்கள். டிரைவர் முழுக்கத் தெளித்தால் அந்தக் கருவியால் இனி உங்களுக்குப் பயனில்லை.

படி 8: வேறு வழியே இல்லாதபோது அடக்குவது

நிரலை மாற்றினால் அது அசிங்கமாகிறது, வேகம் குறைகிறது, அல்லது வார்னிங் முழுக்க முழுக்கக் கம்பைலரின் பிழை. அப்போது அடக்கலாம். எவ்வளவு சின்ன இடத்தில் முடியுமோ அவ்வளவு சின்ன இடத்தில்.

கர்னலில் அதற்கென்றே டையக்_புஷ், டையக்_இக்னோர், டையக்_பாப் என்ற மேக்ரோக்கள் உள்ளன. நடுவில் இருப்பதற்கு எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு முதல், எந்த வார்னிங், என்ன காரணம் என்று நான்கு விவரமும் கொடுக்க வேண்டும். காரணத்தைக் கட்டாயமாக்கியிருப்பது மிக நல்ல வடிவமைப்பு. ‘பொய் வார்னிங்’ என்று மட்டும் அங்கே எழுதாதீர்கள். இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை வையுங்கள். ஆப்டிமைசேஷனுக்குப் பிறகு பிறக்கும் வார்னிங்குகளுக்கு இந்த மூன்றையும் ஒரு வரியைச் சுற்றி வைத்தால் வேலை செய்யாமல் போகலாம். ஃபங்ஷன் முழுவதையும் சுற்றி வையுங்கள்.

மேக்ஃபைலில் ஒரு ஃபைலுக்கு மட்டும் அணைப்பது அதற்கும் அடுத்த நிலை. சிஃப்ளாக்ஸோடு அந்த ஆப்ஜெக்ட் ஃபைலின் பெயரைச் சேர்த்து எழுதினால் அந்த ஃபைலோடு நிற்கும். தனக்குத் தெரியாத வார்னிங் பெயரை ‘நோ’ சேர்த்து அணைக்கச் சொன்னால் ஜிசிசி பேசாமல் ஏற்றுக்கொள்ளும். வேறு ஏதாவது வார்னிங் வரும் நாளில்தான் அதையும் சேர்த்துக் குறை சொல்லும். அதனால் நேராக எழுதாமல் சிசி-டிசேபிள்-வார்னிங் மேக்ரோ வழியாக எழுதுங்கள். டைரக்டரி முழுவதற்கும் அணைப்பது என் பார்வையில் ஏற்கத்தக்கதே அல்ல. நாளை அங்கே வரும் இன்னொருவரின் டிரைவருக்கும் சேர்த்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்.

படி 9: ஆப்ஜெக்ட் ஃபைலை ஒப்பிடுங்கள்

இந்தப் படி அதிகம் பேர் செய்வதில்லை, ஆனால் இதன் பயன் பெரிது. திருத்துவதற்கு முன்பும் பின்பும் உள்ள ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஆப்ஜ்டம்ப் வழியாக அசெம்பிளியாக்கி ஒப்பிடுங்கள். கர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் ஆப்ஜ்டிஃப் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. டீபக் தகவலை அணைத்துவிட்டுச் செய்தால் இரைச்சல் குறையும்.

நான்காம் படியில் மாறியை மட்டும் நீக்கினீர்கள் என்றால் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு லோட் கட்டளை காணாமல் போயிருந்தால் ரெஜிஸ்டர் படிப்பைத் தொலைத்துவிட்டீர்கள். மூன்றாம் படியின் திருத்தத்தில் எக்ஸ்86-இல் ‘எதிர்மறை என்றால் தாவு’ என்ற கட்டளை ‘பூஜ்யம் இல்லை என்றால் தாவு’ என்று மாறியிருக்கும். நிரப்பப்படாத தடமே இல்லாமல் போனதால் சுற்றியுள்ள சில கட்டளைகளும் சுருங்கலாம். அதற்கு மேல் எதுவும் மாறியிருந்தால் ஏன் என்று தெரியாமல் பேட்சை அனுப்பாதீர்கள்.

பேட்சின் விளக்கத்தில் வார்னிங்கை வரி மாறாமல் ஒட்டுங்கள், தேடுபவருக்குக் கிடைக்கும். கம்பைலரின் பெயரும் பதிப்பும், டபிள்யூ நிலையும், அது ஏன் பொய் என்ற வாக்கியமும், ஆப்ஜெக்ட் மாறியதா இல்லையா என்பதும் இருக்கட்டும். சாதனத்தில் சோதித்தீர்களா, பில்ட் மட்டும் செய்தீர்களா என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பராமரிப்பாளருக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம்.

படி 10: கம்பைலர்காரர்களிடம் சொல்லுங்கள்

உங்கள் டிரைவரில் வந்த பொய் வேறு நூறு டிரைவர்களிலும் வரும். ஜிசிசிக்குப் பக்ஜில்லா புகார்த் தளத்திலும், கிளாங்குக்கு எல்எல்விஎம் பக்கத்திலும் புகார் பதியுங்கள். முதல் படியில் எடுத்த .ஐ ஃபைலை சிவைஸ் அல்லது சி-ரெட்யூஸ் கருவியில் கொடுத்தால், அதே வார்னிங்கைக் கொடுக்கும் இருபது முப்பது வரியாகச் சுருக்கித் தரும்.

சுருக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கருவி கண்மூடித்தனமாக வரிகளை நீக்கும். மாறியை நிரப்பும் வரியையே நீக்கிவிட்டால் வார்னிங் அப்படியே இருக்கும், ஆனால் இப்போது அது உண்மை வார்னிங்! அதைப் பதிந்தால் ‘கம்பைலர் சரியாகத்தான் சொல்கிறது’ என்று மூடிவிடுவார்கள். சுருக்கும் ஸ்கிரிப்டிலேயே, கிளாங் அதே இடத்தில் வார்னிங் தரக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். சுருங்கி வந்ததைக் கண்ணாலும் ஒருமுறை படியுங்கள்.

புகாருக்குக் கிடைக்கும் இணைப்பை, நிரலில் நீங்கள் போட்ட மாற்றுவழியின் கமென்ட்டிலேயே எழுதி வையுங்கள். கர்னலை பில்ட் செய்யத் தேவையான குறைந்தபட்ச ஜிசிசி 5.15-இல் 5.1 ஆக உயர்ந்தது, 6.16-இல் 8.1 ஆனது. ஒவ்வொரு முறை உயரும்போதும் டிரைவரில் பழைய ஜிசிசி பதிப்புகளின் பெயர் சொல்லும் கமென்ட்களை கிரெப் செய்து (தேடி எடுத்து), அந்த மாற்றுவழியை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்து பாருங்கள். வார்னிங் வரவில்லை என்றால், எடுத்ததை எடுத்ததாகவே பேட்ச் அனுப்புங்கள்.